வந்துபோகிறவள்

“பெண்கள் வருவதே இல்லை, மேடம்.”

கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசுகிற அண்ணன்களும் தம்பிகளும் என்னிடம் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இது. அடுத்து வரும் வாக்கியமும் எனக்கு மனப்பாடம்: “வந்தாலும் நிலைச்சு நிக்கிறதில்லை.” முதல் வாக்கியத்தில் கொஞ்சம் வருத்தம் இருக்கும். இரண்டாவதில் தீர்ப்பு இருக்கும். எனக்குச் சண்டை அந்தத் தீர்ப்போடுதான்.

தமிழ் நடத்துகிறவளுக்கு மென்பொருளில் என்ன வேலை என்று கேட்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்குச் சில பக்கங்களாகத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அனுப்பினார்கள். அதனால்தான் இன்று என் மாணவி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றபடி கைபேசியில் குறுந்தொகை படிக்கிறாள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது, 2005இல் ஈழத்து நூல்களுக்கான நூலகம் வந்தது, 2012இல் கணியம் இதழ் வந்தது. உலாவியும் அலுவலகச் செயலிகளும் தமிழில் பேசத் தொடங்கின. இவற்றில் பெரும்பகுதி சம்பளமில்லாமல் மனிதர்கள் செய்த வேலை. நிரல் எழுதியவர்களைவிடச் சொல் தேடியவர்களும் சந்தி பார்த்தவர்களும் எண்ணிக்கையில் அதிகம் என்றே நினைக்கிறேன். தமிழ் படித்த பெண்கள் நிறைந்திருக்க வேண்டிய இடம் இது. முதுகலைத் தமிழ் வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள், பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு ஏன் அங்கே இல்லை?

பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. திறமூலத் திட்டங்களில் ஒரே ஒருமுறை மட்டும் பங்களித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றியது. அவர்கள் பார்த்த திட்டங்களில் பங்களித்தவர்களில் கிட்டத்தட்ட 49 விழுக்காட்டினர் அப்படி ஒருமுறை வந்துபோனவர்கள். ஆனால் மொத்த மாற்றங்களில் அவர்களுடைய பங்கு 1.73 விழுக்காடுதான்.

இந்த இரண்டு எண்களையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். திட்டத்தை நடத்துகிறவர் 1.73ஐப் படிக்கிறார். “பாதிப் பேர் வந்தும் ரெண்டு விழுக்காடு வேலைகூட நடக்கல. இவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கிற நேரத்துல நானே செஞ்சிருவேன்.” நான் 49ஐப் படிக்கிறேன். கதவைத் தள்ளிப் பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. இவர்கள் செய்தது எழுத்துப்பிழைத் திருத்தம் மட்டும் இல்லை. நிரலின் கோளாறைச் சரிசெய்தவர்களும், புதிய வசதி சேர்த்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஒரு இடத்தில் இடறியது, குனிந்து கல்லை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் வழியே போனார்கள். தினமும் வந்து சாலை போட வேண்டும் என்று யாரும் அவர்களிடம் எழுதி வாங்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து விடியும் முன்பே வந்து இறங்கும் கூட்டம் அது. கீழச் சித்திரை வீதியில் ஒருவர் வடத்தைப் பிடிப்பார், இருபது அடி இழுப்பார், விட்டுவிட்டு நீர்மோர்ப் பந்தலுக்குப் போவார். அந்த இடத்தில் இன்னொருவர் கை வந்துவிடும். அடுத்த வருடம் வருவாயா, நிலைத்து நிற்பாயா, வடம் பிடிக்கும் நெறிமுறைகளை வாசித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. தேர் நிலைக்கு வந்துவிடுகிறது. இங்கே ஒரு பாடம் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று பழமொழி பேசிக்கொண்டே, வடத்தைத் தொடும் உரிமை யாருக்கு என்பதில் சாதி பார்த்த நாடு இது. கண்டதேவித் தேர் எத்தனை ஆண்டுகள் வழக்குமன்றத்தில் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். ஊர் கூட வேண்டும் என்று அழைப்பு விடுப்பவர்களே வடத்தைப் பிடித்த கைகளைப் பிரித்தும் பார்ப்பார்கள். கட்டற்ற மென்பொருள் அதற்கு விலக்கு என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

வந்துபோகிறவர் யார் என்று கேட்டால் நேரமில்லாதவர் என்பதே முதல் பதில். நம் நாட்டில் நேரமில்லாதவர் யார் என்பதற்கு அரசே கணக்கு வைத்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள். அதில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். “ஈடுபடும் ஆண்” என்பதை அழுத்தி வாசியுங்கள், அப்படிப்பட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்ணுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88 நிமிடம். ஐந்து வருடத்தில் பெண்ணுக்கு வேலை பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழப் போனால், ஆண் தனக்கு ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டிருக்கிறான். மகராசன்!

இப்போது நம் ஊர்க் கூட்ட அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். இணையவழிச் சந்திப்பு இரவு எட்டு மணி. எட்டு மணிக்கு மாவு கரைத்து, தோசை ஊற்றி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைத் தேடும் நேரம். ஆண்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும் நேரம் என்று வேண்டுமானால் அதற்குப் பெயர் வைக்கலாம். நேரடிப் பயிலரங்கு என்றால் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து, புறவழிச் சாலையில் இருக்கும் பொறியியல் கல்லூரி. மடிக்கணினி அவசியம். விடுதி மாணவிக்கு வெளியே போக அனுமதிக் கடிதம் வேண்டும். வீட்டிலிருந்து வருபவளுக்கு அப்பாவோ அண்ணனோ துணைக்கு வேண்டும், இல்லையென்றால் இருட்டுவதற்குள் ஒன்றாம் நம்பர் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். மடிக்கணினியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2011இல் தமிழக அரசு பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோசோடு பாஸ் லினக்சும் போட்டுக் கொடுத்தார்கள், சென்னை சி-டாக் உருவாக்கியது. கட்டற்ற மென்பொருள் அத்தனை வீடுகளுக்குள்ளும் நுழைந்த நல்ல தருணம் அது. பெண்பிள்ளைக்கு வந்த கணினி எத்தனை வீடுகளில் அண்ணனின் மேசைக்குப் போனது என்று என் மாணவிகளைக் கேட்டால் வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் ஓர் அமைதி வரும்.

இந்த நேரக் கணக்குக்கு ஸ்ரீரங்கத்துக்கே ஒரு முன்னோடி இருக்கிறார். குமுதினி என்ற பெயரில் எழுதிய ரங்கநாயகி தாத்தம், 1905இல் பிறந்து 1986 வரை வாழ்ந்தவர். ஆசாரமான பெரிய குடும்பத்தில் மருமகளாக இருந்துகொண்டு, ஆனந்த விகடனில் எழுதினார், திருச்சியில் பெண்களுக்காகச் சேவா சங்கம் தொடங்கினார். அவருடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் பெயர் ‘சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்’. தலைப்பைப் பாருங்கள். வீட்டுவேலைக்கு இடையில் கிடைத்த துண்டு நேரத்தில் எழுதுகிறவளின் கிண்டல் அதில் எனக்குக் கேட்கிறது. அன்றைய பத்திரிகைக்காரர்கள் அவரிடம் வந்து, “அம்மா, நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதானால் எழுதுங்கள், இல்லாவிட்டால் எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்” என்று சொல்லியிருந்தால் குமுதினி நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். துண்டாக வந்ததைத் துண்டாகவே வாங்கிக்கொள்ள அன்றைய வாரப் பத்திரிகைக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய இருபத்தொன்றாம் நூற்றாண்டுத் திட்டங்கள் அதை இன்னும் பழகவில்லை.

எங்களுக்குப் பகிர்வைக் கற்றுக்கொடுக்க வருகிறார்களே என்றுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை 1983இல் தொடங்கிவைத்த ரிச்சர்ட் ஸ்டால்மன், மென்பொருளைச் சமையல் குறிப்போடு ஒப்பிட்டுப் பேசுவார். சமையல் குறிப்பை நீங்கள் நண்பருக்குக் கொடுப்பீர்கள், அவர் உப்பைக் குறைத்துக்கொள்வார், அந்த உரிமை மென்பொருளிலும் வேண்டும் என்பார். அருமையான உவமை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சமையல் குறிப்பைக் கைமாற்றிக்கொண்டவர்கள் யார்? மார்கழி வந்தால் ஸ்ரீரங்கத்து வீதிகளில் கோல நோட்டுகள் வீடு வீடாகப் போகும். பக்கத்து வீட்டு மாமியின் பதினைந்து புள்ளிக் கோலத்தை ஒருத்தி பத்தொன்பதாக்கி, ஓரத்தில் நான்கு வாத்து சேர்த்து, அடுத்தவளுக்குக் கொடுப்பாள். காப்புரிமை கேட்டவரில்லை, பிரதி எடுக்க அனுமதி கேட்டவருமில்லை. உவமைக்கு எங்கள் அடுக்களை வேண்டியிருந்தது, அறைக்குள் நாங்கள் வேண்டியிருக்கவில்லை. அந்த ஸ்டால்மனே, பாலியல் குற்ற விவகாரம் ஒன்றைப் பற்றிச் சொன்ன கருத்துகளால் எழுந்த எதிர்ப்பில் 2019இல் தன் அறக்கட்டளையின் தலைமையிலிருந்து விலகி, 2021இல் அதன் இயக்குநர் குழுவுக்குத் திரும்பி வந்தார். போனவருக்குத் திரும்பி வரும் கதவு திறந்தே இருக்கிறது. அது யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

“ஆர்வம் இல்லைன்னா நாங்க என்ன செய்ய முடியும்?” என்பது அடுத்த வாதம். இதற்கு ஒரே ஒரு பழைய கதை போதும். 2006ஆம் ஆண்டு கோடைக்காலம். கூகுள் நிறுவனம் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் திறமூல வேலை செய்யவைக்கும் திட்டத்தில், கினோம் என்ற பெரிய திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண் அனுப்பியதில்லை. ஹன்னா வாலக்கும் கிறிஸ் பாலும் சேர்ந்து, பெண்களுக்கென்று தனியாக ஒரு கோடைத் திட்டத்தை அறிவித்தார்கள். வேலை அதே மாதிரியானது, உதவித்தொகையும் உண்டு. அழைப்பு மட்டும் வேறு. நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். சில வாரங்களுக்குள் நூறு பெண்களுக்கு ஆர்வம் எங்கிருந்து முளைத்தது? அந்த முயற்சிதான் பின்னால் வளர்ந்து இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கிறது. அதில் சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பக் காலத்திலேயே ஏதாவது ஒரு சிறிய பங்களிப்பைச் செய்துகாட்ட வேண்டும், அதற்கு வழிகாட்ட ஆள் இருப்பார். இந்தியப் பெண்கள் பலர் அந்தச் சிறு கதவு வழியாக உள்ளே போயிருக்கிறார்கள். 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள் என்றிருந்தது. இந்த மூன்றைப் பார்த்து “ஆர்வமில்லை” என்று சொல்பவரை, 181க்குப் பக்கத்தில் இருக்கும் பூஜ்யத்தையும் அதற்கடுத்து வந்த நூறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மாணவி ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். திட்டத்தின் பெயர் வேண்டாம், ஒரு தமிழாக்கத் திட்டம். முதுகலை இரண்டாமாண்டு படித்தாள். தான் பயன்படுத்தும் செயலியில் “சேமிக்கபட்டது”, “நீக்கபட்டது” என்று வல்லினம் மிகாமல் பதினோரு இடங்களில் இருப்பதைக் கண்டாள். தமிழ் படித்தவளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. தோழியின் மடிக்கணினியை இரவல் வாங்கி, மூன்று இரவு போராடி, எங்கே எப்படி அனுப்புவது என்று கற்றுக்கொண்டு பதினொன்றையும் திருத்தி அனுப்பினாள். நாற்பது நாள் பதில் இல்லை. பிறகு வந்த பதிலில் நன்றி இல்லை. பங்களிப்பு நெறிமுறைகளைப் படித்தீர்களா என்றொரு கேள்வி, பதினொன்றையும் ஒரே மூட்டையாக அனுப்பக் கூடாது என்றொரு கண்டிப்பு, “இது நீங்களே செய்ததா, சார் யாராவது உதவினார்களா?” என்றொரு சந்தேகம். அவள் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு துறை அறைக்கு வந்தாள். “அம்மா, நான் தப்பா எதுவும் பண்ணலையே?” என்று கேட்டாள். ஒற்று மிகும் இடங்களை எனக்கே நினைவூட்டக்கூடிய பிள்ளை அவள். அவள் மறுபடி எழுதவில்லை. மூன்று மாதம் கழித்துப் பதினோரு இடத்திலும் ‘ப்’ வந்து உட்கார்ந்திருந்தது, திட்டத்தின் நிரந்தர உறுப்பினர் ஒருவரின் பெயரில். இனி அந்தத் திட்டத்தின் கணக்கில் அவள் எங்கே இருக்கிறாள்? வந்துபோனவர்கள் பட்டியலில்கூட இல்லை. நிலைத்து நிற்காத பெண்கள் என்ற புலம்பலில் மட்டும் இருக்கிறாள்.

தனியொரு அனுபவத்தை வைத்துப் பேசுகிறீர்கள் என்பார்கள். சரி, அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவை ஆண்கள் அனுப்பியவற்றைவிடக் கூடுதலாக ஏற்கப்படுகின்றன என்று கண்டது: பெண்களுக்கு ஏறத்தாழ 79 விழுக்காடு, ஆண்களுக்கு 75. இங்கேயே நிறுத்தினால் கொண்டாடலாம். ஆனால் திட்டத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வருகிற பெண், அவள் பெண் என்று சுயவிவரத்தில் வெளிப்படையாகத் தெரிந்தால், ஏற்பு விகிதம் சரிந்து ஆண்களுடையதற்குக் கீழே போய்விடுகிறது. வெளியாள், அதுவும் பெண். வந்துபோகிறவளின் விலாசம் சரியாக அதுதான். உள்ளே பல வருடம் இருந்தவளுக்கு அவளுடைய வேலை பேசும், வாசலில் நிற்பவளுக்கு அவளுடைய பெயர்தான் பேசுகிறது.

அதனால்தான் நம் பெண்கள் பலர் பால் தெரியாத புனைபெயரில் எழுதுகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் நினைவுக்கு வருவார். கணினியைத் தமிழ் வாசகருக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தாளர், திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தவர், மனைவி பெயரைப் புனைபெயராக்கிச் சுஜாதா ஆனார். ஆண் ஒருவர் பெண் பெயரை எடுத்து அணிந்துகொண்டால் அது கவர்ச்சி. பெண்ணோ தன் பெயரைக் கழற்றிவைத்தால்தான் அவள் அனுப்பிய ஒற்று ஏற்கப்படுகிறது.

தமிழில் பலர்பால் இருக்கிறதே, ‘பயனர்’, ‘பங்களிப்பாளர்’ என்று மரியாதையாகத்தானே எழுதுகிறோம் என்று ஒரு நண்பர் கேட்டார். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் பெண் பயனரைக் குறிக்கத் தனிச் சொல்லே உண்டு, நமக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று பெருமைப்பட்டார். ‘அர்’ விகுதிக்குள் யாரை நினைக்கிறோம் என்பதுதான் விஷயம். மொழிபெயர்ப்புப் பொறியில் “அவர் மருத்துவர்” என்று தமிழில் போட்டு ஆங்கிலத்தில் என்ன வருகிறது என்று பார்ப்பது எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு. ‘அவர்’ எத்தனையோ முறை ஆணாகித் திரும்பி வந்திருக்கிறார். பொறி அதை வானத்திலிருந்து கற்கவில்லை. இணையத்தில் கிடக்கும் எழுத்திலிருந்து கற்றது. அந்த எழுத்தை யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள் என்பது நமக்கு வெறும் பிரதிநிதித்துவப் பிரச்சினை இல்லை. நாளை மருத்துவமனைச் செயலியும் வங்கிச் செயலியும் நம் பெண்களிடம் பேசப்போகும் தமிழ் இப்போது தைக்கப்படுகிறது. அளவு எடுக்க நம்மை யாரும் அழைக்கவில்லை.

இந்த இடத்தில் என் பெண்ணியத் தோழிகளின் மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். மற்றவர்களுடையதைவிட இது கனமானது. “வீட்டில் சம்பளமில்லா வேலை, இயக்கத்தில் சம்பளமில்லா வேலை, இப்போது கணினியிலுமா? நாம் இலவசமாக மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பதைப் பெரிய நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போய்ச் செயற்கை நுண்ணறிவுக்குத் தீனி போடும். எதற்கு?” என்று கேட்கிறார்கள். ‘தமிழ்ச்சேவை’ என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கும் எச்சரிக்கை மணி அடிக்கிறது. சேவை என்ற சொல்லால் பெண்களிடமிருந்து வாங்கப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. ஆகவே பணம் இருக்கும் இடத்தில் பணம் கேட்போம். அரசு நிதியிலோ நிறுவன நிதியிலோ நடக்கும் தமிழ்க் கணிமை வேலை எதற்கும், சொல் பார்க்கிற பெண்ணுக்கு மணிக்கணக்கில் ஊதியம் கொடுக்க வேண்டும். அவுட்ரீச்சி உதவித்தொகை கொடுத்ததால்தான் பெண்கள் வர முடிந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் முழுக்க விலகி நிற்பதோடு எனக்கு உடன்பாடில்லை. சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் வருமுன்பே சொற்கள் உறைந்துவிடுகின்றன. மாதவிடாய்க்கு ஒரு செயலி என்ன சொல்லைப் பயன்படுத்துகிறது, விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டம் எப்படி வந்து உட்கார்கிறது, அகராதியில் அம்மியும் உரலும் எந்த விளக்கத்தோடு இருக்கின்றன என்பவை எங்கோ ஒரு இரவில், யாரோ ஒருவர் இருபது நிமிடத்தில் முடிவுசெய்தவை. அந்த இருபது நிமிடம் நம்முடையதாகவும் இருக்கலாம். கணியத்தில் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ நூல்களை என் கல்லூரியின் கணினித் துறைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தரவுத்தளத்தைத் தமிழில் படிக்க முடியும் என்று அவர்களுக்குக் காட்டியவர் ஒரு பெண் என்பது அவர்களுக்கு எப்படிப்பட்ட செய்தி என்று நான் பார்த்திருக்கிறேன்.

திட்டங்களை நடத்துகிறவர்களின் அலுப்பையும் நான் அறிவேன். அவர்களும் வேலைக்குப் போய்விட்டு வந்து, சம்பளமில்லாமல், இரவில் கண் விழிக்கிறவர்கள். புதிதாக வரும் பத்துத் திருத்தங்களில் ஆறு பயன்படாது, அந்த ஆறுக்கும் பொறுமையாகப் பதில் எழுத வேண்டும். உண்மைதான். ஆனால் அலுப்பு எல்லோர் மீதும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. நான்கு கூட்டங்களில் டீ குடித்த பையன் அனுப்பும் அரைகுறை வேலைக்கு “மச்சி, இத மட்டும் மாத்திரு” என்று பதில் போகிறது. முகம் தெரியாத பெண்ணுக்கு நெறிமுறைகளின் சுட்டி போகிறது. பல வருடமாக லினக்ஸ் உலகம் இதைத் திறமைக்கான தேர்வு என்று நியாயப்படுத்தியது. கடைசியில் 2018 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்சே தன் வசைமொழிக்காக வருத்தம் தெரிவித்து, கொஞ்ச காலம் விலகியிருந்தார். லினக்ஸ் கருநிரல் குழு நடத்தை விதிகளையும் ஏற்றுக்கொண்டது. அதனால் லினக்ஸ் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஒவ்வொரு திட்டமும் இருபது நிமிடத்தில் முடியக்கூடிய வேலைகளைத் தனியாகப் பிரித்து, தமிழில் எழுதி, முகப்பில் தொங்கவிட வேண்டும். “இந்தப் பன்னிரண்டு சொற்களுக்குத் தமிழ் வேண்டும்”, “இந்தப் பக்கத்தில் சந்தி பார்க்க வேண்டும்” என்று. மடிக்கணினி இல்லாமல் கைபேசியிலேயே செய்யக்கூடியவை எவை என்று சொல்ல வேண்டும். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் திரையில் வரும் ஐந்து வாக்கியத்தைக் கைபேசியில் வாசித்துக் குரல் கொடுத்தால் அதுவே பங்களிப்பு. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும் (விசில் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). ஆண் குரலே நிறைந்த தொகுப்பில் பயிலும் பொறிக்கு நாளைக்கு நம் அம்மாக்கள் பேசினால் விளங்காது. அப்புறம், வந்த திருத்தத்துக்கு மூன்று நாளுக்குள் யாராவது ஒருவர் பதில் போட வேண்டும். “பார்த்தோம், நன்றி, அடுத்த வாரம் சொல்கிறோம்” என்ற ஒற்றை வரி போதும். ஏற்றுக்கொண்டால் அவள் பெயரிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்தைத் திருத்தியவளாக இருந்தாலும் பெயர் பெயர்தான். மாதத்தில் ஒரு கூட்டமாவது பகல் இரண்டரை மணிக்கு, மைய நூலகம் போல் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நடக்கட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள்.

முக்கியமாக, போகிறவளைப் போக விடுங்கள். ‘வந்துபோகிறவள்’ என்று ஒரு பெண்ணைச் சொன்னால் நம் மொழியில் தொனியே மாறிவிடுகிறது. ஆணுக்கு அது விருந்தாளி. ஒருமுறை வந்ததும் ‘அடுத்து இதைச் செய்கிறீர்களா, குழுவில் சேர்கிறீர்களா, ஏன் அமைதியாகிவிட்டீர்கள்’ என்று துரத்தும் செய்திகளைப் பார்த்துப் பயந்து கணக்கையே மூடிய பெண்களை எனக்குத் தெரியும். அவளுக்கு மகப்பேறு வரும், மாமனாருக்கு அறுவைசிகிச்சை வரும், தேர்வு வரும். இரண்டு வருடம் கழித்து அவள் திரும்பும்போது கடவுச்சொல்லும் கதவும் அப்படியே இருந்தால் போதும்.

இப்படி நடக்கும் ஓர் இடத்தை நான் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூலின் பக்கம் ஒரு புறம் படமாக இருக்கும், எழுத்துணரி படித்துக் கொடுத்த உரை மறுபுறம் இருக்கும். எழுத்துணரி ‘ர’வையும் துணைக்காலையும் போட்டுக் குழப்பியிருக்கும், வரி நடுவில் உடைந்திருக்கும். திருத்தப்படாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம், பழக்கமானால் பத்து. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பாதியில் எழுந்து போகலாம், செய்தது உங்கள் பெயரோடு வரலாற்றில் நிற்கும். குறையும் உண்டு. கைபேசியில் படமும் உரையும் அருகருகே தெரியாது, விரல் நோகும்.

சென்ற பருவத்தில் என் வகுப்பில் ஒன்பது பெண்கள் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஐந்து பக்கம். மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு பேர் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், ஒருத்தி இருபத்திரண்டு பக்கம் பார்த்தாள். அந்த நூலில் முப்பத்தெட்டுப் பக்கங்கள் இப்போது மஞ்சளாக இருக்கின்றன. பச்சையாக்க அந்தந்தப் பக்கத்தைப் பார்த்தவரல்லாத வேறு ஆள் வேண்டும்.